வாசகர் கேள்வி - பதில்: கட்டுப் பிரித்த பிறகு

எலும்பு முறிவு, மூட்டு ஆபரேஷன், முதுகுவலி பற்றி வந்த கடிதங்களுக்குத் திருத்தணியில் கிளினிக் நடத்தும் பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. வாசல் தெளித்துவிட்டுத் திரும்பும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கப்படி புத்தூர் கட்டுப் போட்டோம். ஒன்றரை மாதம் கழித்துக் கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. புறங்கை வீங்கிப் பளபளவென்று இருக்கிறது. தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. மறுபடியும் கட்டுப் போட வேண்டுமா?
- வாசகி, நகரி

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. எலும்பு தன் வேலையை முடித்துவிட்டது. இப்போதைய கஷ்டம் ஒன்றரை மாதம் அசையாமல் கிடந்த விரல்களிலும் தோளிலும் இருக்கிறது. இன்னொரு கட்டுப் போட்டால் மிச்சம் இருக்கிற அசைவும் போய்விடும்.

புத்தூர் கட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாவுக்கட்டுப் போட்டவர்களும் இதே மாதிரி விறைத்த கையோடு என்னிடம் வருகிறார்கள். பச்சிலை விழுதும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்து மூங்கில் பத்தையால் கட்டினாலும் சரி, மாவுக்கட்டுப் போட்டாலும் சரி, கட்டின் வேலை உடைந்த இடத்தை அசையாமல் பிடித்து வைப்பது. ஒட்டவைப்பது உடம்புதான். உடைந்த இடத்தில் ரத்தம் கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் அது மிருதுவான இணைப்பாக மாறி, கை எலும்பென்றால் ஆறு வாரம் வாக்கில் கெட்டிப்படும். கால் எலும்புக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை அசையக் கூடாதது உடைந்த இடம் மட்டும்தான். விரலும் முழங்கையும் தோளும் கட்டுப் போட்ட அன்றே அசைய ஆரம்பித்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் "கையை ஆட்டாதே, ஆட்டாதே" என்று சொல்லிச் சொல்லியே நல்ல மூட்டுகளையும் முடக்கிவிடுகிறோம். இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, இனி என்ன செய்வது? தினமும் காலை, மதியம், மாலை என மூன்று வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் முழங்கையை மேஜையில் ஊன்றி, விரல் நுனி வானத்தைப் பார்க்கிற மாதிரி கையை நிமிர்த்தி, மெதுவாக முஷ்டி மடக்கி நீட்டட்டும். முதலில் விரலின் நடு மூட்டும் நுனி மூட்டும், பிறகு அடி மூட்டு. விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று இடது கை விரல்களை நுழைத்துப் பாருங்கள். இன்று மூன்று விரல் நுழைந்தால் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் சரியான வழியில் போகிறீர்கள். வீக்கம் வற்ற, உட்காரும்போது கை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை வைக்க வேண்டும். தொங்கவிட்டால் வீங்கும்.

தோளுக்கு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் மேலே மேலே நடக்க வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் சப்பாத்தி மாவு பிசையட்டும், ஈரத்துணி பிழியட்டும். வலி வரும்தான். செய்து முடித்த அரை மணி நேரத்தில் தணிந்தால் பயமில்லை. ராத்திரி முழுக்கக் குடைந்தால் அளவைக் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பளபளப்போடு கூட எரிச்சல், தொட்டாலே தாங்க முடியாத வலி, ஒரு கை சூடாகவும் மறு கை குளிர்ந்தும் இருப்பது, அதிகமாக வியர்ப்பது இதெல்லாம் இருந்தால் நரம்பு சம்பந்தப்பட்ட வலி நோய் ஆரம்பிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் பிடித்தால்தான் கை மீளும். எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன், இழுத்து மடக்கி விடுகிறேன் என்று யார் வந்தாலும் கையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், இதை விட்டுவிடாதீர்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து 62 வயதில் மணிக்கட்டு உடைகிறது என்றால் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை விழுந்தால் உடைவது இடுப்பாக இருக்கலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும் அதற்குரிய மருந்து பற்றியும் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கை ஒட்டியதும் பலர் அத்தோடு மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மாமரத்திலிருந்து விழுந்த என் ஏழு வயது மகனுக்கு முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்து, உள்ளூரில் இறுக்கமாகக் கட்டினார்கள். ராத்திரி முழுவதும் துடித்தான். காலையில் கட்டைத் தளர்த்தியதும் அடங்கினான். குழந்தை அப்படி அழுவது சகஜம்தானா?
- வாசகர், சத்தியவேடு

பதில்: சகஜம் இல்லை சார். உங்கள் மகன் தப்பித்தது பெரிய விஷயம். கட்டு இறுகினால் உள்ளே வீங்கும் தசைக்கு விரிய இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் வாக்கில் தசை செத்துப்போக ஆரம்பிக்கும். பிறகு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே நின்றுவிடும். ரிச்சர்ட் வோல்க்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1881-லேயே இதை விவரித்து எழுதினார். இன்றும் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைப் பார்ப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

எந்தக் கட்டு ஆனாலும் இதைப் பாருங்கள்: நீங்கள் விரலை மெல்ல நிமிர்த்தும்போது குழந்தை அலறினால், விரல் மரத்துப்போனால், வெளுத்தாலோ நீலமானாலோ, வலி மருந்துக்கும் அழுகை அடங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துணிக்கட்டு என்றால் அந்த நிமிடமே தளர்த்திவிட்டுக் கிளம்புங்கள். திருப்பதி ருயா, சென்னை ஸ்டான்லி மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் நடுராத்திரியிலும் பார்ப்பார்கள். குழந்தையின் முழங்கை, வயதானவர்களின் இடுப்பு, மூட்டுக்குள் போன உடைவு, தோல் கிழிந்து எலும்பு தெரிகிற உடைவு, இந்த நாலையும் எந்த ஊர்க் கட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம். நேராக எலும்பு டாக்டரிடம் போங்கள். கட்டு தளர்ந்த பிறகு எலும்பு நகர்ந்திருக்கலாம், ஆகவே மகனையும் இன்றே ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. சென்னையில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கவைத்திருக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் நீட்டியபடியே நிற்கிறது, பாதி கூட மடங்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படி ஏறி முருகனைப் பார்ப்பேன் என்று வேண்டியிருக்கிறார். முடியுமா?
- வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: முதலில் அந்தத் தலையணையை எடுங்கள். பாசத்தோடு வைக்கிற அந்தத் தலையணைதான் காலை முழுதாக நீட்ட விடாமல் வளைந்தே நிறுத்திவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள், முட்டி தானாகக் கீழே இறங்கட்டும். அப்படியே தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணிவிட்டு விடச் சொல்லுங்கள்.

சமதளத்தில் நடக்க முட்டி 60, 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90-க்கு மேல் வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்குள் 90 வந்துவிட வேண்டும் என்றுதான் நாங்கள் எதிர்பார்ப்போம். உங்கள் மாமியார் பின்தங்கியிருக்கிறார். இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. மூன்று மாதம் தாண்டினால் உள்ளே தழும்பு கெட்டிப்பட்டுவிடும். அதற்கு முன்பே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டினால், தேவைப்படும் பட்சத்தில் மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழியும் இருக்கிறது.

டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை, பயிற்சிக்கு அரை மணி முன்னால் போடுவது மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை கெடுதல் என்று ஒளித்துவைத்துவிட்டுப் பயிற்சியையும் நிறுத்துவதுதான் பெரிய கெடுதல். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை மொசைக் தரையில் பின்னுக்கு இழுக்க வேண்டும். பாதத்துக்கு அடியில் ஒரு துணி இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். எட்டும் இடத்தில் பாதத்தை ஊன்றி, உடம்பை முன்னுக்குச் சாய்த்துப் பத்து எண்ணட்டும். முடிந்ததும் துண்டில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். ஒரு நாளில் ஒரே தடவை நெடுநேரம் செய்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை செய்வது நல்லது.

அப்புறம், அவர் டம்ளர் தண்ணீரை அவரே வாக்கரோடு போய் எடுக்கட்டும். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு சிகிச்சைத் துறையைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் இரண்டு காலும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நோயாளி தன் காரியத்தைத் தானே செய்யப் பழக வேண்டும் என்பதுதான் அந்தத் துறைக்கே அடிப்படை. உங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த அன்பில் கொஞ்சம் கண்டிப்பும் சேரட்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். திடீரென்று மூச்சு வாங்கினால், தையல் போட்ட இடம் சிவந்து கசிந்தால், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

முருகனைப் பார்ப்பது பற்றி: மலைக்கு 365 படி. இந்த ஆடிக்கு அவர் படி ஏற வேண்டாம், கூட்டத்தில் ஒருவர் இடித்தாலே போச்சு. வண்டி மேலே வரைக்கும் போகிறது, அதில் கூட்டிப்போங்கள், அதுவும் கூட்டம் இல்லாத நாளில். வீட்டுப் படியில் இப்போதே பழகலாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில், கைப்பிடியை விடக் கூடாது. தொடைத் தசை தேறி, கைப்பிடி பிடிக்காமல் வீட்டுப் படியை மாறி மாறிக் கால் வைத்து ஏற வந்துவிட்டால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஆங்காங்கே உட்கார்ந்து உட்கார்ந்து மலைப்படி ஏறலாம். அடுத்த வருடம் அவர் ஏறினால் எனக்கு எழுதுங்கள், மனசார சந்தோஷப்படுவேன்.

கேள்வி: எலும்பு சீக்கிரம் கூட ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் இரண்டில் எது நல்லது?
- வாசகர், புத்தூர்

பதில்: இரண்டையும் ருசிக்காகச் சாப்பிடுங்கள். சூப்பில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தினமும் பருப்பு, முட்டை, பால், தயிர், எள், நம் பக்கத்து ராகி சங்கடி (கேழ்வரகுக் களி) இவற்றை விடாமல் சாப்பிட்டால் அதைவிடப் பலன். நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பீடி, சிகரெட் பிடித்தால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும், சில சமயம் கூடாமலே நின்றுவிடும். சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: என் நைனா விசைத்தறி ஓட்டியவர், நானும் அதுதான். வயது 41. முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். தறியை விட்டுவிட்டு மூன்று மாதம் படுத்திருக்கச் சொல்கிறார் சொந்தக்காரர் ஒருவர். படுத்தால் சோறு யார் போடுவது?
- வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: படுக்க வேண்டாம் தம்பி. வலி மிகக் கடுமையான ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் படுத்தால் முதுகுத் தசை மெலிந்து வலி நீளும். ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும்.

தறியில் எது உங்களைக் கெடுக்கிறது என்று பாருங்கள். நாடாவுக்கு நூல் சுற்றிய தார் மாற்றக் குனியும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்குங்கள். தார்ப்பெட்டி தரையில் இருந்தால் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவையுங்கள். பாவு நூல் சுற்றிய பீமைத் தனியாகத் தூக்கவே தூக்காதீர்கள், இரண்டு பேராவது சேருங்கள். நின்றே இருப்பதால் ஒரு காலை மாற்றி மாற்றிச் சின்னக் கட்டை மேல் வையுங்கள். வேலை முடிந்ததும் அரை மணி நடை.

சிறுநீர் போவது நின்றாலோ அடங்காமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும், அது வேறு விஷயம். காலில் இறங்கிய வலி மெல்ல மெல்ல மேலேறி இடுப்போடு நின்றால் குணமாகிறது என்று அர்த்தம். இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் அப்படித்தான். அடுத்த கடிதத்தில் வலி காலில் எதுவரை இறங்குகிறது, காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா என்று எழுதுங்கள். அதை வைத்து எந்தப் பயிற்சி உங்களுக்குச் சரி என்று சொல்கிறேன்.