பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போடலாமா?

கேள்வி: என்னுடையது 2002 மாடல் அம்பாசடர், இசுசு பெட்ரோல் என்ஜின். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். போன மாதம் வால்பாறையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது, பாதி வளைவுகள் தாண்டியதும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்ற பிறகு மிதித்தால் பழையபடி பிடித்தது. பின் ஆக்ஸிலில் பிராக்கெட் வெல்டு அடித்து, வேறு காரின் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபரும் மாட்டித் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். 22,000 ரூபாய் ஆகுமாம். செய்யலாமா?
(பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: 'பஞ்சு மாதிரி'. உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் சூடாகி வழுக்கினால் பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டிதான் நிற்காது. பெடல் உள்ளே போய், ஆறியதும் சரியானால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நன்றாக ஈரம் ஏறியபின் தாங்குவது 140 டிகிரிதான். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எழுதவில்லை. அப்படியென்றால் எனக்குப் புரிந்துவிட்டது.

கொதித்ததும் பெரும்பாலும் முன்பக்கத்தில்தான் இருக்கும். ஆட்களோடு 1,400 கிலோ வண்டி என்று வையுங்கள். ஓங்கி மிதித்தால் இருநூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட பாரம் பின்னாலிருந்து முன்னால் போய்விடும், இறக்கத்தில் இன்னும் கூடும். பின்சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு வரும் நேரத்தில் அதற்குப் பெரிய பிரேக் கொடுத்தால், அது முதலில் லாக் ஆகி, வளைவில் வண்டியின் பின்பக்கத்தை வெளியே தள்ளும். ஆழியாறு பாதையின் 40 கொண்டை ஊசி வளைவில் அது உங்களுக்கு வேண்டாம்.

இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. இருபது வருஷம் முன்பு, சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் பொறுக்கிய காலிபரை வைத்து ஒரு அம்பாசடருக்கு நானே இதைச் செய்தேன். நானும் வெல்டுதான் அடித்தேன். ஆக்ஸில் ஹவுசிங் வெல்டு சூட்டில் இழுத்துக்கொண்டு, ஒரே மாதத்தில் ஆயில் சீல் கசிய ஆரம்பித்தது. டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு (பேக்கிங் பிளேட்) உட்காரும் பழைய போல்ட் துளைகளிலேயே பிராக்கெட்டை மாட்டியிருக்க வேண்டும். அப்புறம், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் டிரம்முக்கென்று ஒரு சின்ன வால்வு இருந்தது. காலை எடுத்தபின்னும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்குள் உரசும் ஷூவைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் டிரம்முக்குப் பாதகமில்லை. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் ஏது? காலிபருக்குள் இருக்கும் பேட் உரசிக்கொண்டே ஓடி, டிஸ்க் நீலம் பாரித்துப் போனது.

எல்லாவற்றையும் விட ஹேண்ட் பிரேக். நான் போட்ட காலிபரில் அதற்கு வழியே கிடையாது, 'கியரில் போட்டு நிறுத்துங்க' என்று அனுப்பிவிட்டேன். அந்த வண்டி ஒருநாள் சரிவில் தானாக உருண்டு டீக்கடை பெஞ்சில் போய் நின்றது. நல்லவேளை, பெஞ்சில் யாரும் இல்லை. ஹேண்ட் பிரேக் இல்லாத கார் சட்டப்படியும் கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட உண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்த வெல்டைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? பழைய ஆயிலை முழுக்க வடித்து, மூடி திறக்காத புது டின்னை ஊற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் லைனிலும் சிக்கிய காற்றை எடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். முன் காலிபர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா பாருங்கள். பின் டிரம்மைக் கழற்றி, உட்பக்கம் வரம்பு விழுந்திருந்தால் லேத்தில் கொடுங்கள். எழுதியிருக்கும் அளவைத் தாண்டிக் கடைந்தால் டிரம்மை மாற்ற வேண்டியதுதான். ஷூவில் கிரவுன் ஆயில் (பின் ஆக்ஸிலின் கியர் ஆயில்) பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவி மாட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சீலையும் மாற்றி, இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியர். உங்கள் கடிதத்தில் கியரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் சொல்கிறேன்.

கேள்வி: மழையில் நாலு நாள் நிறுத்தினால் என் பத்மினி காரின் பின்சக்கரம் சுற்ற மறுக்கிறது. தள்ளினால் 'டொக்' என்று விடுகிறது. ஏன்?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: ஈரத்தில் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்கிறது. நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கைப் போடாதீர்கள். சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியை எடுக்கும்போது கல்லை எடுக்க மறக்க வேண்டாம்.