சிறுநீரகத்தில் ரத்த அடைப்பு: கேள்வி பதில்

கேள்வி: தம்பிக்கு 34 வயது. திடீரென்று இடது விலாவுக்குக் கீழே கடும் வலி. கல் என்று நினைத்து வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம். ஸ்கேனில் கல்லே இல்லை. இப்போது சிறுநீரகத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, பரம்பரை ரத்த உறைவுக் கோளாறு என்கிறார்கள். புரோட்டீன் எஸ் குறைவாம்.

பதில்: கல் வலி போலவே இருப்பதால்தான் பலருக்கும் நாள் தப்பிப்போகிறது. சாயம் ஏற்றாத சி.டி.யில் கல் தெரியும், அடைப்பு தெரியாது. சாயம் ஏற்றினால் சிறுநீரகம் முழுக்கப் பளிச்சென்று வெளுத்திருக்க, ஆப்பு வடிவில் ஓரிடம் மட்டும் கறுத்து நிற்கும். திசு செத்தால் கசியும் எல்.டி.ஹெச் என்ற நொதி ரத்தத்தில் எகிறியிருக்கும்.

ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுப்பவை புரோட்டீன் சி, எஸ், ஆன்டித்ராம்பின். இவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைந்தால் பெரும்பாலும் கால் சிரையில்தான் ரத்தக்கட்டி வரும். உங்கள் தம்பிக்கு வந்ததுபோல் தமனியில் வருவது அபூர்வம்; கட்டி இதயத்திலிருந்தும் வந்திருக்கலாம். அதனால் இதயத் துடிப்பு ஒழுங்கா, இதயச் சுவரில் ஓட்டை உண்டா, ரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், ரத்தம் எடுத்த தேதியைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடங்கியபின் எடுத்திருந்தால் சி, எஸ் இரண்டும் குறைவாகத்தான் காட்டும். அதே வேலைக்கான ஹெப்பாரின் ஊசி போட்டால் ஆன்டித்ராம்பின் இறங்கும். மருந்து சாப்பிடாத அப்பா, அம்மாவைப் பரிசோதித்தால் விஷயம் தெளியும். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஃபேக்டர் ஃபைவ் லைடன் பார்க்க வேண்டுமா?

பதில்: அது ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஒரு மரபணு மாற்றம். 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறிந்தது. ஐரோப்பியரிடம் அதிகம், நம்மிடம் குறைவு. மரபணுப் பரிசோதனை என்பதால் மருந்து குழப்பாது.

கேள்வி: வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கீரையே கூடாதாமே?

பதில்: கூடும். வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள்.

கேள்வி: தவறு! என் மாமாவுக்குக் கீரையால்தான் ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) இறங்கியது.

பதில்: மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டால் இறங்கத்தான் செய்யும். கீரையில் உள்ள, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அளவு ஏறி இறங்குவதுதான் ஆபத்து. கீரை சீராக இருந்தால் மருத்துவர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைப்பார்.

கேள்வி: அகத்திக்கீரை?

பதில்: மேலே சொன்னதேதான்.

கேள்வி: கட்டியைக் கரைக்கப் பூண்டுப் பால்?

பதில்: கரைக்காது. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு இந்தக் கோளாறு. 19 வயது மகளுக்கு மாதவிலக்கு சீராக ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார்கள்.

பதில்: ஈஸ்ட்ரோஜன் இருந்தால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். தொடங்கும் முன் உங்கள் ரிப்போர்ட்டுடன் அந்த மருத்துவரைப் போய்ப் பாருங்கள். இன்றைக்கே போனால் நல்லது.