சுருளும் தீக்குச்சியும்

அன்புள்ள சார்,

நான் வடிவமைப்பு படிக்கும் மாணவி. ஏதாவது ஒரு கச்சேரி போஸ்டரை ஆராய்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 1966 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் 'தி அசோசியேஷன்' குழு பாடியபோது வெஸ் வில்சன் வரைந்ததை எடுத்துக்கொண்டேன். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் தீயாக எழும் போஸ்டர். கட்டுரையையும், போஸ்டர்மேல் பொன் விகிதச் சுருளை, அதாவது அழகான அமைப்பின் கணக்கு என்று சொல்லப்படும் வளைவைப் பொருத்திய படத்தையும் இணைத்திருக்கிறேன். எனக்கு ஒரு குழப்பம். நின்று நிதானித்தால் ஒழிய வாசிக்க முடியாத ஒன்றை நல்ல போஸ்டர் என்று எப்படிச் சொல்வது? இந்த எழுத்துரு எங்கே கிடைக்கும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ம.

அன்புள்ள ம.,

அது எழுத்துரு இல்லை, கையால் வரைந்தது. வியன்னாவில் ஓவியர் ஆல்ஃபிரட் ரோலர் 1903இல் செசெஷன் என்ற கலைஞர் குழுவின் கண்காட்சிக்கு வரைந்த எழுத்துகளிலிருந்து வில்சன் கற்றுக்கொண்ட வழி. ரோலரின் எழுத்துகள் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். வில்சன் அவற்றை உருக்கி ஊற்றினார். முதலில் தீயின் உருவம், பிறகு அதன் உள்ளே இடுக்கு விடாமல் எழுத்து. ஒரே எழுத்து ஓரிடத்தில் பருத்தும் இன்னோரிடத்தில் நசுங்கியும் இருப்பது அதனால்தான். விசைப்பலகையில் தட்டி அதை வரவழைக்க முடியாது.

அந்தச் சுருளை அழித்துவிடுங்கள். பொறுமையாகத்தான் சொல்கிறேன். திருப்பித் திருப்பி வைத்தால் அது எந்தப் படத்திலும் பொருந்தும். பூனையின் படத்தில் வைத்துப் பாருங்கள், மூக்கிலோ வாலிலோ போய் முடியும். கணக்குதான் வேண்டுமென்றால் சுவிஸ் வடிவமைப்பாளர் ஜோசப் முல்லர்-பிராக்மன் சூரிச் இசை அரங்குக்காக 1955இல் செய்த பீத்தோவன் போஸ்டருக்குப் போங்கள். அந்த வில்வளைவுகளின் அகலம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அங்கே கணக்கு வரைந்தவரின் கையிலேயே இருந்தது. வில்சனுக்கு நீங்கள் அதைக் கடன் கொடுத்திருக்கிறீர்கள், அவர் கேட்காமலே.

சரி, இதற்கெல்லாம் நான் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் கட்டுரையின் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: "சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள் என்பதால் எழுத்துகள் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன." கடிதத்தில் வாசிக்க முடியவில்லை என்கிறீர்கள், கட்டுரையில் தெளிவாகத் தெரிகிறது என்கிறீர்கள். உங்கள் கண் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதைக் கடிதத்தில் வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தைக் கட்டுரையில் வைத்துவிட்டீர்கள். ஏனம்மா?

இதே தவறைச் செய்து தலைகுனிந்தவன் நான். போன வாரம்தான் பழைய அட்டைக் குழாய் ஒன்றிலிருந்து நான் செய்த அந்தப் போஸ்டரை வெளியே எடுத்தேன். நண்பன் ஒருவனின் முதல் வயலின் கச்சேரிக்காக, உங்கள் வயதில், இரண்டு மசிகளில் ஸ்க்ரீன் பிரிண்ட் செய்தது. கரும்பச்சைத் தாள் நிறைய அடர்சிவப்பில் அவன் பெயர், தேதி, நேரம். எதிர்நிறம் அல்லவா, பளிச்சென்று இருக்கும் என்று நினைத்தேன். மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில், பளிச்சென்றுதான் இருந்தது. இரண்டு பேரும் பசை வாளியோடு போய் ஒட்டிவிட்டு வந்தோம். அன்று இரவு அழகு பார்க்கத் திரும்பிப் போனோம். தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு. சுவரில் கறுப்பாக ஒரு செவ்வகம். அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அந்த விளக்கு கிட்டத்தட்ட மஞ்சளை மட்டுமே உமிழும். அதில் சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்க எந்தப் பொருளுக்கும் வழியில்லை. எவ்வளவு மஞ்சளைத் திருப்பி அனுப்புகிறது என்பது மட்டுமே மிஞ்சும். என் இரண்டு மசிகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் திருப்பி அனுப்பின. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. தீக்குச்சி ஒன்றைக் கிழித்துத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தான். தீயின் ஒளியில் சிவப்பு நிறைய உண்டு. அவன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் மெல்ல மேலே வந்தன. குச்சி அணைந்ததும் போய்விட்டன.

நிறம் வேறு, வெளிச்ச அளவு வேறு. எழுத்தின் விளிம்பைக் கண் பிடிப்பது பெரும்பாலும் இரண்டாவதை வைத்துத்தான். எழுத்தும் பின்னணியும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால், நிறம் எவ்வளவு எதிரெதிராக இருந்தாலும் விளிம்பு நிலைகொள்ளாது, அதிரும். வெளிறிய மஞ்சளையும் கருநீலத்தையும் பக்கத்தில் வைத்தால் அதிராது, ஏனென்றால் ஒன்று வெளிச்சம், மற்றது இருட்டு. உங்கள் கைப்பேசியில் போஸ்டரைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அரை நிமிட வேலை. சுருள் வரைய எவ்வளவு நேரம் எடுத்தீர்கள்?

அந்த அதிர்வை நான் தெரியாமல் செய்தேன். வில்சனின் ஊரில் போஸ்டர் வரைந்தவர்கள் தெரிந்தே செய்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். அதே ஊரில் அதே ஆண்டுகளில் போஸ்டர் செய்த விக்டர் மோஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் படித்தவர். ஒரு நிறம் பக்கத்து நிறத்தை என்ன செய்யும் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஆசிரியர் ஆல்பர்ஸ். மோஸ்கோசோ அங்கே செய்யாதே என்று கற்றதையெல்லாம் வெளியே வந்து செய்தார். ஒன்றைத் தலைகீழாக்க முதலில் அது நேராக எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை, என் நண்பன் வெகு சில நாற்காலிகளுக்கு வாசித்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், மறந்துவிடவில்லை. ஃபில்மோர் போஸ்டர் யாருக்காக ஒட்டப்பட்டதோ அவர்கள் நின்றார்கள், தலையைச் சாய்த்து வாசித்தார்கள், கிழித்து வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். விரைந்து போகிறவரை அது அழைக்கவே இல்லை. ரயில் நேரப் பலகையை அப்படி வரைந்தால் உதைப்பார்கள். இதற்கு மேல் இதில் குழம்ப ஒன்றுமில்லை.

கட்டுரையை மறுபடி எழுதுங்கள். போஸ்டரை அதன் அளவிலேயே அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்து அடி தள்ளி நின்று எழுதுங்கள். திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுதியிருக்கிறீர்கள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. மூன்றாவது பத்தியில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கு அனுப்புங்கள். மற்ற பத்திகளை உங்கள் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.