மூவாயிரம் ஓட்டை, இரண்டே ஆள்: கேள்வி-பதில்

சாஃப்ட்வேரில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டைகளை, அதாவது வெளியாள் நுழைய இடம்கொடுக்கும் குறைகளை, எப்படிச் சமாளிப்பது என்று நிறுவனங்களின் ஐடி பிரிவில் இருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் சில மாதங்களாகச் சேர்ந்து கிடந்தன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டர்களில் ஓட்டை தேடும் ஸ்கேனை முதல்முறையாக ஓட்டினோம். 3,200 ஓட்டைகள், அதில் 410 'கிரிட்டிக்கல்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஐடி பிரிவில் நானும் இன்னொருவரும்தான். ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்கிறார் எம்.டி. எங்கிருந்து தொடங்குவது?

அந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். ரிப்போர்ட்டை ஓட்டை வாரியாகப் படிக்காமல், எந்தப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டால் எத்தனை வரி மறையும் என்று பிரித்துப் பாருங்கள். அறுபது கம்ப்யூட்டரில் ஒரே பழைய ஜாவா இருந்தால் ரிப்போர்ட்டில் அது நூற்றுக்கணக்கான வரிகளாக நிற்கும். உங்களுக்கு அது ஒரே வேலை.

அடுத்தது வரிசை. ரிப்போர்ட்டில் 9.8, 7.5 என்று இருப்பவை பத்துக்குப் போடும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்கள். ஒரு ஓட்டையை யாராவது பயன்படுத்தினால் எவ்வளவு மோசமாகும் என்பதை அவை சொல்லும். இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா என்பதைச் சொல்லாது. அதற்கு அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. நிஜத் தாக்குதல்களில் பயன்பட்டது உறுதியான ஓட்டைகள் மட்டும்தான் அதில் ஏறும். இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் 3,200-ஐ அதோடு ஒப்பிட்டால் மிஞ்சுவது சிறு பங்குதான். அதுதான் இந்த வார வேலை. அப்புறம் இபிஎஸ்எஸ் என்று ஒன்று உண்டு. அடுத்த 30 நாளில் ஒரு ஓட்டை தாக்கப்பட எவ்வளவு வாய்ப்பு என்று தினமும் கணித்துத் தருவார்கள். மீதியை அதை வைத்து வரிசைப்படுத்தலாம்.

இந்த இரண்டுக்கும் தெரியாதது ஒன்று உங்களுக்குத் தெரியும்: எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்பது. கேன்டீன் டோக்கன் சர்வரில் 9.8, வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர உதவும், இன்டர்நெட்டில் நேரடியாக இருக்கும் விபிஎன் பெட்டியில் 7.5 என்றால் நான் விபிஎன்னுக்குத்தான் முதலில் ஓடுவேன். எம்.டி.யிடம் "ஒரு மாதத்தில் எல்லாம்" என்று தலையாட்டாதீர்கள். வெளியே தெரியும் சர்வர்களில், தாக்கப்பட்டுவரும் ஓட்டைகளை இரண்டு வாரத்துக்குள் அடைப்போம் என்று எழுதிக் கொடுங்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியும்.

கேள்வி: எங்களிடம் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலே சரியாக இல்லை. அதை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டுமா?

முடியும் வரை காத்திருந்தால் எப்போதும் தொடங்க மாட்டீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். ஆனால் பட்டியலைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வேலையில் நான் பார்த்த பெரிய சறுக்கல்கள் எல்லாம், "இப்படி ஒரு மெஷின் இருப்பதே தெரியாது" என்ற இடத்தில்தான் நடந்தன.

ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். ஸ்டோர்ஸ் அறையில் மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர். மேலே ஒட்டியிருந்த தாள் பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது: "தயவுசெய்து ஆஃப் செய்யாதீர்கள்". யார் ஒட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் விண்டோஸ் 7. அதற்கான இலவச ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. எடைமேடை பில் போடும் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரை விற்ற வெண்டர் வெளியிலிருந்தபடியே உள்ளே நுழைந்து சரிபார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்துவைத்திருந்தார். அந்தத் தொழிற்சாலையின் சொத்துப் பதிவேட்டில் அது இல்லை. பதிவேட்டில் இல்லாததால் அதற்கு ஒருநாளும் ஸ்கேன் போகவில்லை.

அதனால் ஒரே இடத்தில் மட்டும் தேடாதீர்கள். டிஹெச்சிபி (மெஷின்களுக்கு நெட்வொர்க் முகவரி கொடுப்பது) கொடுத்த முகவரிகள், ஆன்டிவைரஸ் கன்சோல், டொமைனில் சேர்ந்த மெஷின்கள், கிளவுட் பில், அக்கவுன்ட்ஸ் பிரிவிடம் இருக்கும் கொள்முதல் பில்கள் என எல்லாவற்றையும் அருகருகே வையுங்கள். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாததுதான் உங்களுக்கு வேண்டியது. சிசிடிவி பெட்டி, விரல்ரேகை வருகைப் பதிவு மெஷின், பிரின்டர், பழைய திட்டத்துக்காக வாங்கிய வெப்சைட் முகவரி எதையும் விடாதீர்கள்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். 'ஐடி டீம்' என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் நடந்ததைப் பாருங்கள். வெப்சைட் உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சில் பேட்ச் வந்துவிட்டது. அதைப் போடச் சொல்லி உள்ளுக்குள் மெயிலும் போனது. ஆனால் மெயில் பட்டியல் பழையது. போட வேண்டியவர்கள் கைக்கு அது போகவே இல்லை. பிறகு ஓட்டிய ஸ்கேனிலும் ஓட்டை அகப்படவில்லை. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை இறுதி வரை உள்ளேயே இருந்தார்கள். ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரங்கள் போயின. பேட்ச் இருந்தது, ஸ்கேனர் இருந்தது, அந்த சர்வருக்குப் பொறுப்பான ஆளுக்குத்தான் செய்தி போகவில்லை.

கேள்வி: பேட்ச் போட்டால் மெஷின் நின்றுவிடும் என்று புரொடக்‌ஷன் பிரிவு தடுக்கிறது. 2024-ல் உலகமே நின்றதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். என்ன சொல்வது?

அவர்கள் பயம் நியாயமானது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 19-ல் பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. ஒரே நேரத்தில் எல்லா மெஷினுக்கும் போனதால்தான் அத்தனை சேதம். முதலில் நான்கைந்து மெஷின், இரண்டு நாள் கழித்து ஒரு பிரிவு, அப்புறம் மற்றவை என்று போனால் விழுவதும் நான்கைந்தோடு நிற்கும்.

மறுபக்கத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் 2017 மே 12-ல் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே பேட்ச் கொடுத்திருந்தது. போடாமல் விட்ட அந்த இரண்டு மாதத்துக்குப் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின.

உண்மையிலேயே பேட்ச் போட முடியாத சிஎன்சி மெஷினும் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டுவது) மருத்துவ ஸ்கேன் கருவியும் இருக்கத்தான் செய்யும். அவற்றைத் தனி நெட்வொர்க்கில் பிரியுங்கள், இன்டர்நெட்டை வெட்டுங்கள், பேச வேண்டிய ஒன்றிரண்டு சர்வர்களோடு மட்டும் பேச விடுங்கள். "இதற்குப் பேட்ச் போடவில்லை, காரணம் இது, இந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம்" என்று எழுதி, புரொடக்‌ஷன் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து கேட்கும்போது, பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தந்துவிடுவார்கள்.

கேள்வி: நாங்கள் ஜாவாவில் எதுவும் எழுதுவதில்லை. லாக்ஃபோர்ஜே மாதிரி ஒன்று மறுபடி வந்தால் எங்களுக்குக் கவலை உண்டா?

உண்டு. 2021 டிசம்பரில் வெளியான அந்த ஓட்டைக்கு மதிப்பெண் முழுப் பத்து. லாக்ஃபோர்ஜே, ஜாவா சாஃப்ட்வேர்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறிய லாகிங் நூலகம்; சாஃப்ட்வேரில் நடப்பதைப் பதிந்துவைக்கும் ஆயத்தக் கோடு. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர்களுக்குள்ளும் அது இருந்தது, வாங்கியவர்களுக்குத் தெரியாது. திருத்திய 2.15 பதிப்பைப் போட்டவர்கள் மறுபடி 2.16, 2.17 என்று சில நாட்களுக்குள் மாற்ற வேண்டி வந்தது. இனி வாங்கும் எதற்கும் உள்ளே என்னென்ன நூலகங்கள், எந்தப் பதிப்பு என்ற எஸ்பாம் பட்டியலை வெண்டரிடம் கேளுங்கள். கொள்முதல் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கேள்வி: எங்கள் வெப்சைட்டில் ஓட்டை இருப்பதாக முன்பின் தெரியாத ஒருவர் மெயில் அனுப்பினார். போலீஸில் புகார் கொடுக்கலாம் என்கிறது நிர்வாகம்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எப்படி நுழையலாம் என்று விளக்கி, சரிசெய்யச் சொல்லியிருந்தால் அவர் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார். அன்றே "கிடைத்தது, பார்க்கிறோம்" என்று பதில் போடுங்கள். சரிசெய்ததும் தெரிவியுங்கள், நன்றி சொல்லுங்கள். விவரம் சொல்லாமல் "பணம் கொடுத்தால்தான் சொல்வேன்" என்பது வேறு விஷயம். அதை வக்கீலிடம் கொண்டுபோங்கள். வெப்சைட்டில் செக்யூரிட்டி டாட் டெக்ஸ்ட் என்ற சிறு கோப்பை வைத்து, ஓட்டைகளை எந்த முகவரிக்குச் சொல்வது என்று எழுதிவிட்டால் அடுத்தவர் அலைய வேண்டியதில்லை. அந்த ஓட்டை வழியாக ஏற்கெனவே யாராவது நுழைந்திருந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அதே உத்தரவுப்படி 180 நாள் லாக்கும் (சிஸ்டத்தில் நடந்தவற்றின் பதிவு) கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் செய்கிறோம். போதாதா? அதில் கண்ட ஓட்டைகளைச் சரிசெய்யப் போட்ட டிக்கெட் எல்லாம் மூடியிருக்கிறது.

போதாது. 2024-ல் மட்டும் 40,000-க்கும் அதிகமான ஓட்டைகளுக்குச் சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்குமான பொது அடையாள எண்) கொடுக்கப்பட்டது. சராசரியாக நாளுக்கு நூற்றுக்கு மேல். வெளியே தெரியும் சர்வர்களுக்கு வாரம் ஒருமுறை, உள்ளே இருப்பவற்றுக்கு மாதம் ஒருமுறையாவது ஸ்கேன் ஓட்டுங்கள்.

டிக்கெட் மூடியதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். மூடும் முன் அந்த மெஷினுக்கு மறுபடி ஒரு ஸ்கேன் ஓட வேண்டும். பேட்ச் இறங்கியிருக்கும், ரீஸ்டார்ட் மட்டும் செய்திருக்க மாட்டார்கள். பழைய கோப்புதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இன்றே உங்கள் சர்வர்களில் கடைசியாக ரீஸ்டார்ட் ஆன தேதியை எடுத்துப் பாருங்கள், 90 நாளைத் தாண்டியவற்றிலிருந்து தொடங்குங்கள்.