வளர்ச்சி ஹார்மோனும் தசைநாண்களும்: கேள்வி பதில்

கேள்வி: வளர்ச்சி ஹார்மோன் தசையை வளர்ப்பது என்றே கேள்விப்பட்டிருக்கிறேன். தசைநாணில் அதற்கு என்ன வேலை?

பதில்: வளர்ந்த மனிதரிடம் இந்த ஹார்மோனின் செல்வாக்கு தசையைவிட, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் போன்ற இணைப்புத் திசுவில்தான் தெளிவாகத் தெரிகிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் இது, கல்லீரலிலும் தசைநாணிலும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. அந்தக் காரணி, நாணிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் உற்பத்திக்குத் தூண்டுகிறது. 2010-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், நலமான இளைஞர்களுக்கு 14 நாள் இந்த ஹார்மோனைச் செலுத்திச் சோதித்தபோது, தசைநாணில் கொலாஜன் உற்பத்தி சுமார் 1.3 மடங்காகவும், தசையைச் சூழ்ந்த கொலாஜனின் உற்பத்தி ஏறக்குறைய 6 மடங்காகவும் உயர்ந்தன. ஆனால் தசையைச் சுருங்கி விரியச் செய்யும் புரதங்களின் உற்பத்தியில் மாற்றமே இல்லை. உடல் வலிமைக்காக இந்த ஊசியை நாடுவோர் இக்கடைசி முடிவை அவசியம் கவனிக்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் குதிநாணில் நாள்பட்ட வலி. ஹார்மோன் ஊசி போட்டால் நாண் புதிதாக வளர்ந்துவிடாதா?

பதில்: அப்படி எதிர்பார்க்க இடமில்லை. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், அக்காலத்தில் உருவான திசுக்களில் பதிந்திருக்கிறது. அந்தத் தடயத்தைக் கொண்டு குதிநாணின் மையப்பகுதியை ஆராய்ந்தவர்கள், சுமார் 17 வயதுக்குள் அமைந்த கொலாஜன் அதன்பின் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று கண்டனர். மேலும், கொலாஜன் உருவாவது ஒன்று, அது உறுதியான நாணாவது வேறொன்று: மூவிழைச் சுருளாக முறுக்கப்பட்ட மூலக்கூறுகள் செல்லுக்கு வெளியே வந்து, இழைகளாக அடுக்கப்பட்டு, லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியின் உதவியால் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புப் பெற்ற பிறகே இழுவிசையைத் தாங்குகின்றன. அவ்விழைகள் விசையின் திசையில் ஒழுங்குபட, நாணுக்கு அளவான சுமை தேவை. ஆகவே, படிப்படியாகச் சுமையைக் கூட்டும் பயிற்சியையே உங்களுக்கு முதலில் பரிந்துரைப்பேன். அதையும் மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ பார்த்துத் தொடங்குங்கள்.

கேள்வி: வைட்டமின் சி இதில் உதவுமா?

பதில்: கொலாஜனின் மூவிழைச் சுருள் நிலைபெற அது இன்றியமையாதது. குறைபாடு இருந்தால் ஈடுசெய்தே ஆக வேண்டும். போதுமான அளவு கிடைப்பவருக்கு அதிகம் உட்கொள்வது ஹார்மோனுக்கு மாற்றாகாது.

கேள்வி: விளையாட்டு வீரர்கள் வளர்ச்சி ஹார்மோனைக் குறைந்த அளவில் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இது எப்போதும் தடை செய்யப்பட்ட பொருள்; குறைந்த அளவு என்ற விலக்கும் இல்லை. தடை ஒருபுறமிருக்க, உடலில் நீர் தேங்குதல், மூட்டு வலி, இரத்தச் சர்க்கரை உயர்வு, மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் விரல்கள் மரத்துப்போதல் ஆகியவை அறியப்பட்ட பக்கவிளைவுகள். இந்த ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகாலி நோயாளிகள் பலர் மூட்டு வலியோடும் மூட்டுத் தேய்மானத்தோடும் வாழ்கிறார்கள்.