பெட்டிகள் நேராக நிற்க: அக்சஸ் ரிப்போர்ட் கேள்வி-பதில்

தகவல்களைச் சேமித்துப் பட்டியலாக அச்சிட உதவும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் மென்பொருள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே வகையைச் சேர்ந்தவற்றை இந்த முறை பொறுக்கி எடுத்திருக்கிறேன். எல்லாமே ரிப்போர்ட்டில், அதாவது அச்சுக்குப் போகும் வடிவத்தில், டெக்ஸ்ட் பாக்ஸை (எழுத்தோ எண்ணோ வரும் பெட்டியை) ஒழுங்காக நிறுத்துவது பற்றியவை. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் மதிப்பெண் பட்டியலோ பில்லோ கைக்கு வரும்போது, பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கோணலாக நிற்கும் அந்த ஒரு பெட்டிதான்.

ஒரு வரிசையில் ஐந்து பெட்டிகள், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. திரையில் நேராக இருக்கிறது. அச்சில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் மட்டும் கோடு தடித்து விழுகிறது. ஏன்?

மவுஸால் இழுத்து வைத்திருப்பீர்கள். அக்சஸ் உள்ளுக்குள் எல்லா இடத்தையும் ட்விப் என்ற அலகில்தான் வைத்திருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப், ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 567. சாதாரணத் திரையில் அங்குலத்துக்கு 96 புள்ளி என்றால், ஒரு புள்ளி 15 ட்விப். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு புள்ளி விலகல், அங்குலத்துக்கு 600 புள்ளி போடும் லேசர் பிரிண்டரில் ஆறு புள்ளியாகிவிடும். கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கோடு தடிக்க அது போதும்.

ஐந்து பெட்டிகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ப்ராபர்ட்டி ஷீட்டில் (பெட்டியின் அமைப்புகளைக் காட்டும் பட்டியலில்) டாப் (மேலிருந்து தூரம்), ஹைட் (உயரம்) இரண்டுக்கும் எண்ணைத் தட்டுங்கள். ஒரே தட்டலில் ஐந்துக்கும் பொருந்தும். அப்புறம் ஒவ்வொரு பெட்டியின் லெஃப்டும் (இடமிருந்து தூரம்) முந்தைய பெட்டியின் லெஃப்டையும் விட்த்தையும் (அகலம்) கூட்டினால் வரும் எண்ணாக இருக்கட்டும். 'அலைன் டாப்' பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். அது தேர்ந்தெடுத்ததில் மிக மேலே இருக்கும் பெட்டியோடு மற்றவற்றைச் சேர்க்கும். தவறி மேலே ஏறியிருப்பதே அந்தப் பெட்டி என்றால் வரிசை முழுக்க அதன் பின்னால் போய்விடும். அதனால் நான் எண்ணைத்தான் நம்புவேன்.

சென்டிமீட்டரில் 2.1 என்று தட்டினால் 2.101 என்றோ 2.099 என்றோ தானாக மாறி நிற்கும். முழு ட்விப்பாக ஆக்கும்போது வரும் வித்தியாசம் அது. 600 புள்ளி பிரிண்டரில் ஒரு புள்ளியே 2.4 ட்விப் என்பதால், ஒரு ட்விப் பிசகு அச்சில் தெரியவே தெரியாது. அதைத் திருத்த மெனக்கெட வேண்டாம்.

தலைப்பு, தொகை, கீழே கூட்டுத்தொகை மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரமாட்டேன் என்கின்றன.

மேலே உள்ள ரூலரில் அந்தப் பத்திக்கு நேராக ஒரு முறை கிளிக் செய்யுங்கள். அந்தக் கோடு தொடும் எல்லாம், எந்தப் பகுதியில் (தலையில் வரும் ஹெடர், ஒவ்வொரு பதிவுக்கும் வரும் டீடெயில், அடியில் வரும் ஃபுட்டர்) இருந்தாலும், தேர்வாகிவிடும். லெஃப்ட், விட்த் இரண்டையும் அப்படியே ஒன்றாக்குங்கள். டெக்ஸ்ட் அலைனையும் மூன்றுக்கும் ரைட் என்று வையுங்கள். ஜெனரல் என்று விட்டால் எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒதுங்கும்.

இங்கே பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. கன்ட்ரோல் சோர்ஸில் (பெட்டியில் எது வர வேண்டும் என்று சொல்லும் இடத்தில்) ஃபார்மட் ஃபங்ஷனைப் போட்டுத் தொகையை அலங்கரித்திருந்தால், அது எண் அல்ல, எழுத்தாகிவிடும். உடனே இடப்பக்கம் ஓடும். கன்ட்ரோல் சோர்ஸில் வெறும் ஃபீல்டை (அட்டவணையின் பத்திப் பெயரை) வைத்து, அலங்காரத்தை ஃபார்மட் ப்ராபர்ட்டியில் செய்யுங்கள். தசம இலக்கமும், எழுத்துருவும், ரைட் மார்ஜினும் மூன்று பெட்டிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். லெஃப்ட், விட்த் சரியாக இருந்தும் ரைட் மார்ஜின் மாறியதால் எண்கள் தள்ளி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெட்டியைத் தொட்டால் பத்தியே நகர்கிறது.

அவை லேஅவுட்டில், அதாவது பெட்டிகளைச் சேர்த்துப் பிடிக்கும் சட்டத்தில், கட்டப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அரேஞ்ச் பட்டையில் 'ரிமூவ் லேஅவுட்' கொடுங்கள். வெறும் பட்டியல்தான் வேண்டும் என்றால் அவிழ்க்காமல் விடுவதே நல்லது. அங்கே லேஅவுட் நன்றாகவே வேலை செய்யும்.

முகவரி நீளமாக இருந்தால் அந்தப் பெட்டி மட்டும் உயர்கிறது, பக்கத்துப் பெட்டிகளின் கட்டம் பாதியிலேயே நிற்கிறது.

உள்ளே இருப்பதற்கு ஏற்பப் பெட்டியை வளரவிடும் கேன் க்ரோ அப்படித்தான். வளர்வது அந்தப் பெட்டி மட்டும். பக்கத்தில் இருப்பதற்கு அது தெரியாது. லைன் கன்ட்ரோலைச் செங்குத்தாக வைத்தாலும் அது நீளாது.

எல்லாப் பெட்டிகளின் பார்டரையும் டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிடுங்கள். கோட்டை டீடெயில் பகுதியின் ஆன் பிரிண்ட் நிகழ்வில் (அந்தப் பகுதி அச்சாகும்போது ஓடும் நிரலில்), லைன் மெத்தட் (கோடு போடும் கட்டளை) கொண்டு வரையுங்கள். ஒவ்வொரு பெட்டியின் லெஃப்டிலும் பூஜ்யத்திலிருந்து 14400 ட்விப் வரை, அதாவது பத்து அங்குலத்துக்கு, ஒரு கோடு. கடைசிப் பெட்டியின் வலது ஓரத்தில் இன்னொன்று. அவ்வளவு நீளமா என்று பயப்பட வேண்டாம், அந்த வரியின் உயரம் எங்கே முடிகிறதோ அங்கேயே கோடு வெட்டுப்படும். கிடைக்கோட்டை வரியின் அடியில் வரையாமல் தலையில், பூஜ்யத்தில், வரையுங்கள். உயரத்தைக் கணக்கிடும் வேலை மிச்சம். கடைசி வரியை மூடும் கோட்டைக் கீழே வரும் ஃபுட்டரின் தலையில் வைத்துவிடலாம்.

இந்தக் கோடுகள் ரிப்போர்ட் வியூவில் தெரியாது, பிரிண்ட் ப்ரிவியூவில்தான் தெரியும். வேலை செய்யவில்லை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

காலிப் பெட்டியைச் சுருக்கும் கேன் ஷ்ரிங்க் கொடுத்தும் முகவரியில் காலி வரி போகவில்லை.

அதே உயரத்தில் பக்கத்தில் ஒரு லேபிளாவது நிற்கும், பாருங்கள். அது இருக்கும்வரை சுருங்காது. முகவரி முழுவதையும் ஒரே டெக்ஸ்ட் பாக்ஸில் சேர்ப்பதுதான் சுத்தமான வழி. வரி முறிவை + குறியால் ஃபீல்டோடு ஒட்டி, அப்படி ஒட்டிய துண்டுகளை & குறியால் இணையுங்கள். ஃபீல்டு நல் (Null, எதுவும் நிரப்பாதது) ஆக இருந்தால் + அதன் வரி முறிவையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெற்றுத்தாள் வருகிறது.

ரிப்போர்ட்டின் அகலம் தாளைத் தாண்டுகிறது. ஏ4 தாள் 21 செ.மீ. அதில் இரண்டு பக்க ஓரத்தையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கு. அகலம் குறைய மறுத்தால், வலப்பக்கம் ஏதோ ஒரு பெட்டியோ கோடோ நீட்டிக்கொண்டிருக்கும்.

தமிழ்ப் பெயரும் பக்கத்தில் ஆங்கிலப் பதிவெண்ணும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. 'மு', 'ழு' அடியில் வெட்டுப்படுகின்றன.

பெயருக்கு லதா, எண்ணுக்கு வேறு எழுத்துரு வைத்திருப்பீர்கள். எழுத்து உட்காரும் அடிமட்டம் இரண்டிலும் வேறு. இரண்டுக்கும் நிர்மலா யுஐ வையுங்கள், விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் அதிலேயே இருக்கின்றன. பெட்டியின் உயரத்தைத் தமிழுக்கு ஏற்றபடி கூட்டுங்கள், ஆங்கிலத்துக்குப் போதும் உயரம் தமிழுக்குப் போதாது. அதற்குப் பிறகும் மயிரிழை வித்தியாசம் இருந்தால், பெட்டியை நகர்த்தாமல் டாப் மார்ஜினை மாற்றிச் சரிசெய்யுங்கள்.

ஏற்கெனவே அச்சடித்த ரசீதுப் படிவத்தில் கட்டத்துக்குள் எழுத்து விழ வேண்டும். எப்படி அளப்பது?

ஸ்கேலை எடுங்கள். படிவத்தின் இடது விளிம்பிலிருந்து கட்டத்துக்கு எவ்வளவு, மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். லெஃப்ட் என்பது தாளின் விளிம்பிலிருந்து அல்ல, பக்க ஓரத்திலிருந்து எண்ணப்படுகிறது. கட்டம் 4.3 செ.மீ. தள்ளி இருந்து, பக்க ஓரம் 0.6 என்றால் லெஃப்ட் 3.7. டாப்புக்கும் இதே கணக்கு. ஆனால் அது பகுதியின் தலையிலிருந்து எண்ணுவதால், ஹெடர் ஃபுட்டரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் டீடெயிலிலேயே வையுங்கள்.

முதல் பிரதியை வெள்ளைத்தாளில் எடுங்கள். படிவத்தின் மேல் அதை வைத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு தள்ளியிருந்தால் பெட்டிகளில் கைவைக்க வேண்டாம், பேஜ் செட்டப்பில் ஓரத்தை மாற்றினால் மொத்தமும் நகரும். மேலே சரியாக இருந்து கீழே போகப் போக விலகினால், அச்சு எங்கோ சுருங்குகிறது. பிடிஎஃப் ஆக்கி அச்சிடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுங்கள். அப்புறம், அச்சகத்திலிருந்து புதிய கட்டுப் படிவம் வரும்போதெல்லாம் ஒரு தாளை எடுத்து இந்த வெளிச்சச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு கட்டிலும் படிவம் கொஞ்சம் இடம் மாறி வரக்கூடும்.