பச்சை விளக்கை நம்பி கடலுக்குப் போகலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். நான்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்களைத் தொடராக இணைத்து 12 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் பேட்டரி செய்தேன். பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு 30 ஆம்பியர். சார்ஜரில் பச்சை வந்த பிறகுதான் தொழிலுக்குப் போகிறேன். 8 ஆம்பியர் இழுக்கும் விளக்குகள் மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடுகின்றன. 60 ஆம்பியர் போர்டு போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது, காசுதான் போகும். 30 என்பது போர்டு தாங்கும் மின்னோட்டம். நீங்கள் எடுப்பது எட்டுதானே!

பிஎம்எஸ் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறது. மூன்று செல்கள் 3.2 வோல்ட்டில் தெம்பாக இருக்க, நான்காவது 2.5-க்கு இறங்கினாலும் மொத்தம் 12.1 வரும், வெளியே மீட்டர் வைத்தால் குறையே தெரியாது. ஆனால் அந்த ஒரு செல் கெடாமல் இருக்க, போர்டு மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். சார்ஜ் ஏறும்போதும் இதே கதைதான். ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் போர்டு நிறுத்திவிடும். மின்னோட்டம் நின்றதும் சார்ஜர் பச்சை காட்டும். பின்தங்கிய செல் பாதியில் நின்றிருக்கும்.

சார்ஜ் முடியும் தறுவாயில் ஒரு தடவை, விளக்கு அணையப் போகும் நேரத்தில் ஒரு தடவை, நான்கு செல்லையும் அளந்து பாருங்கள். சார்ஜ் முடியும்போதே ஒன்று 3.35 அளவில் நின்றால் அதற்குச் சார்ஜ் போதவில்லை. எல்லாம் சேர்ந்து நிறைந்தும் ஒன்று மட்டும் முதலில் சரிந்தால் அந்தச் செல் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் வேலையைப் போர்டே செய்துகொள்ளாதா என்பீர்கள். சின்ன போர்டுகள் பேலன்ஸுக்காக நிறைந்த செல்களிலிருந்து எரிப்பது 50 மில்லி ஆம்பியர் அளவுதான். எட்டு ஆம்பியரில் மூன்று மணி நேரம் என்றால் 24, ஐம்பதில் உங்களுக்குக் குறைவது சுமார் 26 ஆம்பியர்-அவர். கணக்குப் போட்டால் 520 மணி நேரம்! அதனால் ஒற்றை செல்லுக்கான 3.65 வோல்ட் சார்ஜரால் பின்தங்கிய செல்லை மட்டும் நிரப்பிவிடுங்கள்.

அதற்கு முன், செல்களிலிருந்து போர்டுக்கு வரும் பேலன்ஸ் ஒயர்களைப் பாருங்கள். துறைமுகத்து உப்புக்காற்றில் அந்த மெல்லிய ஒயரின் முனை பச்சை பூத்துவிடும். நல்ல செல்லையும் போர்டு தப்பாகப் படிக்கும். செல் முனையில் ஒரு அளவும் போர்டு கனெக்டரில் வேறு அளவும் வந்தால் கோளாறு ஒயரில்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: பாசிட்டிவ் முனையை ஒட்டி டிசி ஃபியூஸ் இருக்கிறதா? போர்டில் துண்டிக்கும் சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும். அப்போது போர்டால் துண்டிக்க முடியாது. 8 ஆம்பியருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஒயரும் அதைத் தாங்கும் தடிமனில் இருக்கட்டும்.